பாட்டைக் கைமாற்றுவது எப்படி: ஃபோக், ப்ளூகிராஸ், இண்டி கேட்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். அந்த மாதத்தில் புதிதாகக் கண்டெடுத்த பாட்டு ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். சினிமாப் பாட்டு கிடையாது. முதல் கூட்டத்துக்கு நான் மட்டும் பதினாலு பாட்டு வைத்திருந்தேன். நாலாவது ஓடும்போது சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏ தம்பி, இதுல பாட்டு எப்பம் வரும்?" ஓடிக்கொண்டிருந்தது பாஞ்சோ என்ற தந்திக் கருவியின் வாசிப்பு. பாடுகிற ஆள் வருவார் வருவார் என்று அவர் நாலு பாட்டாகக் காத்திருந்திருக்கிறார்.

நமக்குப் பிடித்ததை அடுத்தவர் காதில் ஏற்றுவது தனி வேலை. அதற்கு முன்தயாரிப்பு உண்டு, வரிசையும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது. நாலு பேரைச் சேர்த்துக் கூட்டம் போட்டாலும், ஒரே ஒரு சிநேகிதருக்கு ஒரு பாட்டை அனுப்பினாலும், வழி ஒன்றுதான்.

1. முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐந்து பேருக்குக் குறைந்தால் பேச்சு சீக்கிரம் வற்றிவிடும். எட்டுக்கு மேல் போனால் நேரம் பத்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பாட்டுக்கு நாலு நிமிடம், அதை மறுபடி போட நாலு நிமிடம், பேச ஐந்தாறு நிமிடம். எட்டுப் பேருக்கு இதுவே இரண்டு மணி நேரத்தைத் தொடும். அதற்குமேல் யார் காதும் வேலை செய்யாது.

கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக நீங்களாக இரண்டாம் தடவை போட்டுக் கேட்ட பாட்டு எது? எந்தச் சத்தம் வந்தால் எழுந்து போகத் தோன்றும்? புரியாத மொழியில் பாடினால் உட்கார முடியுமா?

மூன்றில் இரண்டாவதுதான் முக்கியம். பிடித்ததைச் சொல்லச் சொன்னால் மரியாதைக்காக எதையாவது சொல்வார்கள். பிடிக்காததைக் கேட்டால் உண்மை வரும். எங்கள் அண்ணாச்சி ஒருவர், "கீச்சுனு வார ஆம்பளக் குரல் மட்டும் ஆகாது" என்றார். அமெரிக்கத் தந்திக் கருவி இசையான ப்ளூகிராஸில் ஆண்கள் உச்ச ஸ்தாயியில் இழுத்துப் பாடுவதுதான் அடையாளமே. அவரிடம் கேட்காமல் போட்டிருந்தால் அன்றோடு அவர் கதவைச் சாத்தியிருப்பார். முதல் மூன்று மாதம் அவருக்குக் குரலே இல்லாத வாசிப்புகளாகக் கொடுத்தேன். இப்போது அந்தக் குரலை அவரே தேடிப் போடுகிறார்.

பலரும் செய்கிற தவறு, ஏற்கெனவே ஒரே ரசனை உள்ளவர்களை மட்டும் சேர்ப்பது. எல்லாரும் தலையாட்டுகிற கூட்டத்தில் பாட்டு நகராது. "இதுல என்ன இருக்கு?" என்று கேட்கிற ஒருவராவது வேண்டும்.

2. மூன்று சொல்லுக்கும் பொருள் பேசி முடியுங்கள்

இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே சண்டை வரும்.

ஃபோக் என்றால் ஒருவருக்குக் கோயில் கொடைவிழாவில் கேட்ட வில்லுப்பாட்டு. இன்னொருவருக்கு ஒற்றைக் கிட்டாரோடு பாடும் அமெரிக்கர். இரண்டும் சரி. ஆனால் முதலாவது ஊர் சேர்ந்து காப்பாற்றிவந்த பாட்டு; இரண்டாவது பெரும்பாலும் தனி ஆள் எழுதிய பாட்டு. எங்கள் கூட்டத்தில் இரண்டையும் ஏற்கிறோம், எது எந்த வகை என்று கொண்டுவருகிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இண்டி என்பது ஒரு ஓசையின் பெயரே அல்ல. பெரிய நிறுவனத்தின் பணமும் பிடியும் இல்லாமல் வெளிவருவது என்பதுதான் அதன் பொருள். தமிழில் அந்த இடத்தில் சினிமா உட்கார்ந்திருப்பதால், சினிமாவுக்கு வெளியே உருவாவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். 2018-ல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துப் பாடியது. கிட்டாரும் மெல்லிய குரலும் இருந்தால்தான் இண்டி என்று நினைக்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ப்ளூகிராஸ் மூன்றிலும் குறுகலானது. கென்டக்கிக்காரர் பில் மன்றோவின் ப்ளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோ வாசிப்போடு சேர்ந்த பிறகு உருவம் பெற்ற இசை அது. பாஞ்சோ கேட்டால் எல்லாமே ப்ளூகிராஸ் என்று எழுதாதீர்கள்.

3. இடம், ஸ்பீக்கர், மின்சாரம்

கைப்பேசி ஸ்பீக்கரில் போடவே கூடாது. தரையில் நிறுத்தி நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய தந்திக் கருவியான டபுள் பாஸின் அடித்தந்தி நாற்பது ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிப்பது. கைப்பேசியால் அதை எழுப்ப முடியாது. அடித்தளம் போய்விட்டால் மிச்சம் உள்ளதெல்லாம் தகரச் சத்தமாகத்தான் கேட்கும். ஓரளவு பெரிய ஒரு ஸ்பீக்கர் போதும். 1940, 50களின் பதிவுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஒலிக்கும் மோனோதான். அவற்றுக்கு இரண்டு ஸ்பீக்கர் தேவையே இல்லை.

பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் தளமான பாண்ட்கேம்பில் வாங்கினால் கோப்பாகவே கிடைக்கும். மற்ற செயலிகளில் ஆஃப்லைன் வசதி இருந்தால் அதில் வையுங்கள். ஒப்பாரி முடிந்து எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருமுறை மெத்தை விளம்பரம் ஓடியது. அதன்பிறகு நேரலையில் எதையும் போடுவதில்லை.

ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு முடிந்த மறு நொடி செயலி தன் இஷ்டத்துக்கு வேறொன்றைத் தொடங்கும். பாட்டு முடிந்த பிறகு வருகிற பத்து நொடி மௌனம் பாட்டில் பாதி. கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

ஒலி அளவையும் பாட்டு வாரியாகப் பார்த்துக் குறித்து வையுங்கள். பழைய பதிவுகள் சன்னமாக இருக்கும். அடுத்து வருகிற புது இண்டிப் பாட்டு அறைந்தாற்போல் பாயும்.

ஆனி, ஆடிக் காற்றில் மொட்டை மாடி வேண்டாம், பாதிச் சத்தத்தைக் காற்று கொண்டுபோய்விடும். சித்திரையில் ஃபேனை அணைக்கச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும், அதனால் அந்த மாதம் சத்தமான பாட்டுகளாக எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்து, ஸ்பீக்கரை முந்தின நாளே சார்ஜ் போடுங்கள்.

தின்பதற்கு முறுக்கு, சீவல், கடலைமிட்டாய் வைக்காதீர்கள். ஏழு பேர் முறுக்குக் கடிக்கும்போது மாண்டலின் கேட்காது. இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி: அல்வா சத்தமே போடாது.

4. ஆளுக்கு ஒரே பாட்டு

"ரெண்டு கொண்டு வரலாமா?" என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். இரண்டு கொண்டுவர அனுமதித்தால் தேர்ந்தெடுக்கிற பாடு இல்லாமல் போகும். ஒன்றுதான் என்றால், மற்ற ஒன்பதை ஏன் ஒதுக்கினோம் என்று அந்த ஆள் ஒரு வாரம் யோசித்திருப்பார். கூட்டத்தில் அவர் பேசுவதற்குச் சரக்கே அந்த யோசனைதான்.

எதை எடுப்பது? உங்களுக்கு மிகப் பிடித்ததை எடுக்க வேண்டாம். உங்களுக்கு மிகப் பிடித்த பாட்டுக்குப் பின்னால் நூறு தடவை கேட்ட பழக்கம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது முதல் தடவை. முதல் தடவையிலேயே உங்களை நிறுத்திய பாட்டு எதுவோ, அதை எடுங்கள். கண்டுபிடித்த அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த இடத்தில் கை நின்றது என்று நினைவிருந்தால் அதுதான் சரியான பாட்டு.

ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்டது வேண்டாம். விதிவிலக்கு உண்டு, முதல் மூன்று கூட்டத்துக்குக் கிடையாது.

5. பாட்டுக்கு ஒரு சீட்டு

போஸ்ட்கார்டு அளவில் ஒரு சீட்டு. பாடியவர், வாசித்தவர்கள், ஊர், பதிவான ஆண்டு, உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, கவனிக்க வேண்டிய ஒரு இடம். இவ்வளவுதான்.

இதற்கு முன்மாதிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாங்குநேரிக்காரர் பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் அடியில் வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், இடம் எல்லாம் இருக்கும். பாட்டு எங்கிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது என்பது அந்த மூன்று வரியில் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுப் பாட்டுகளுக்குத் தகவல் தேட, அமெரிக்கப் பதிவு நிறுவனமான ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளத்தில் அவர்கள் ஆல்பங்களின் குறிப்புப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இண்டிக் குழுக்களுக்குப் பாண்ட்கேம்ப் பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். வாசித்தவர் பெயரைப் பெரும்பாலும் குழுவினரே அங்கே எழுதியிருப்பார்கள். யூடியூப் தலைப்பை நம்பிச் சீட்டு எழுதாதீர்கள். 'பாரம்பரியம்' என்று போட்டிருந்த ஒன்றை அப்படியே நம்பி எழுதி, பிறகு அதை எழுதியவர் உயிரோடு இருப்பது தெரிந்து நான் அசடு வழிந்திருக்கிறேன்.

6. வரிசை போடுவது

வந்த வரிசையில் போடாதீர்கள். சீட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி ஒருவர் அடுக்க வேண்டும், மாதம் ஒருவர்.

காலவரிசையும் வேண்டாம், நாட்டுவரிசையும் வேண்டாம். பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்த அமெரிக்கர் ஹாரி ஸ்மித் 1952-ல் ஃபோக்வேஸ் வழியாக 84 பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது கதைப்பாட்டு, கூடிக் கொண்டாடும் இசை, மற்றப் பாடல்கள் என்று மூன்றாகத்தான் பிரித்தார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்ற அடையாளத்தை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பாட்டு என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து அடுக்கினால், கென்டக்கிக் கொலைக் கதைப்பாட்டும் வில்லுப்பாட்டில் பாடுகிற முத்துப்பட்டன் கதையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். அப்போது வருகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

எளிதில் பிடிபடுகிற ஒன்று முதலில். மிகவும் கடினமானது மூன்றாவதாக. அப்போதுதான் காது விழித்திருக்கும், களைப்பும் வந்திருக்காது. கடைசிப் பாட்டு மெதுவானதாக இருக்கட்டும்.

7. போடுவதற்கு முன் மூன்று வாக்கியம்

பாட்டுக்கு முன்னால் பேசுகிற பேச்சில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குழுவின் வரலாறு, யார் யாரை விட்டுப் பிரிந்தார், எத்தனை விருது என்று ஐந்து நிமிடம் ஓடும். அதற்குள் கேட்பவர் மனதில் ஒரு பாட்டு உருவாகிவிடும்; உண்மையான பாட்டு அதற்கு ஈடாகாது.

மூன்றே வாக்கியம் பேசுங்கள். எங்கிருந்து வருகிறது, எனக்கு எப்படிக் கிடைத்தது, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். "சூப்பரா இருக்கும்" என்று சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் பிடிக்காதவர் பொய் சொல்ல வேண்டிவரும்.

ஓடும்போது கொண்டுவந்தவரே வாயை மூடிக்கொள்ள வேண்டும். "இப்பம் வருது பாருங்க... இந்தா" என்று நடுவில் சொல்வது கெட்ட பழக்கம். எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. கையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

முடிந்ததும் உடனே பேசாமல், அதையே மறுபடி போடுங்கள். முதல் தடவை எல்லாருக்கும் சத்தம் மட்டும்தான் விழும், இரண்டாவதில்தான் பாட்டு விழும்.

8. ப்ளூகிராஸ்: இதற்குத் தனி வழி

"எல்லாம் ஒண்ணு போலயே இருக்கே" என்பதுதான் இங்கே எப்போதும் வருகிற புகார். வேகம் அதிகம், ஐந்து கருவி ஒரே சமயத்தில், பழகாத காதுக்கு எதையும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் கருவி கருவியாகக் கொடுங்கள்.

தொடக்கத்துக்கு வாசிப்பு மட்டும் உள்ள ஒன்று நல்லது, மொழித் தடை இல்லை. 1949-ல் ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் குழு பதிந்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' மூன்று நிமிடம்கூட வராது. அதை மூன்று தடவை போடுங்கள்.

முதல் தடவை பாஞ்சோவை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். அதில் ஐந்தாவது தந்தி குட்டையானது, கட்டைவிரலால் தட்டப்படுவது. மற்ற தந்திகளில் சுரம் மாறிக்கொண்டே இருக்க, இது ஒரே சுரத்தை விட்டு விட்டு ஒலிக்கும். நம்முடைய சுருதிபோல விடாமல் ஓடாது, ஆனால் செய்கிற வேலைக்கு ஒரு உறவு உண்டு.

இரண்டாம் தடவை அடித்தளம். ப்ளூகிராஸில் வழக்கமாக ட்ரம்ஸ் கிடையாது. தாளத்தை நாலு நாலாக எண்ணினால் பாஸ் ஒன்று, மூன்றில் விழும். இரண்டு, நாலில் 'சக்' என்று தந்தியை வெட்டுகிற சத்தம் பொதுவாக மாண்டலினுடைய வேலை. எங்களில் ஒருவருக்கு இது பிடிபடவே இல்லை. மகுடம் என்ற தோல்கருவி இரண்டை அடித்து நடத்தும் கணியான் கூத்தை நிறையப் பார்த்தவர் அவர். "உச்ச மகுடத்தையும் மந்த மகுடத்தையும் தனித்தனியாகக் கேட்பீர்களே, அதுபோல இங்கே மந்தம் யார் கையில் இருக்கிறது என்று தேடுங்க" என்றதும், அரை நிமிடத்தில் பாஸைச் சுட்டிவிட்டார். தாளக்கட்டு இரண்டுக்கும் வேறுதான், ஒன்றென்று சொல்லக் கூடாது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் அவர் காதில் ஏற்கெனவே இருந்தது, அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தினோம்.

மூன்றாம் தடவை முறை மாறுவதைக் கவனியுங்கள். ஒரு கருவி முன்னே வரும்போது மற்றவை ஒதுங்கும். பழைய மேடைகளில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். முறை வந்தவர் மைக்குக்கு முன்னால் வருவார், முடித்தவர் விலகுவார். காணொளி கிடைத்தால் அந்த நடையையே ஒருமுறை காட்டுங்கள். வில்லுப்பாட்டில் புலவர் அடியை விட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது.

இதற்குப் பிறகுதான் குரல்.

"இது வெள்ளக்காரன் பாட்டுதான?" என்று ஒருவராவது கேட்பார். பாஞ்சோவின் முன்னோடிகள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு வந்தவை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள்.

9. நம் ஊர்ப் பாட்டைக் கொண்டுவரும்போது

கொடை நடக்கிற தெருவில் கூட்டம் போட முடியாது, போடவும் வேண்டாம். குழாய் ஸ்பீக்கரோடு போட்டி போடாமல் எல்லாரையும் அங்கேயே கூட்டிப் போங்கள். வில்லின் மணிச்சத்தத்தைப் பத்தடி தூரத்தில் கேட்டவருக்குப் பதிவில் கேட்பது சப்பென்று இருக்கும்.

பதிவு எடுக்க நினைத்தால் முதலில் வில்லுப்பாட்டுப் புலவரிடமோ கணியான் கூத்தை நடத்தும் அண்ணாவியிடமோ கேளுங்கள், பிறகு கோயில்காரர்களிடம். கலைஞர் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று நினைப்பது தவறு. சாமி வரவழைக்கிற பகுதியைப் பதிந்து வீட்டுக் கூடத்தில் போடுவதைப் பலர் விரும்புவதில்லை. எங்களில் ஒருவர் அப்படி ஒன்றைப் போட்டபோது, விருந்தாளியாக வந்திருந்த ஒரு மைனி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கதைப்பகுதி மட்டும்தான்.

சீட்டில் கலைஞரின் பெயரும் ஊரும் கட்டாயம். 'கிராமியப் பாடல்' என்று மட்டும் எழுதினால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பில் மன்றோவுக்குப் பெயர் உண்டு, மகுடம் அடிக்கிறவருக்குக் கிடையாதா? இந்தக் கலைகள் பற்றி மேலே தெரிந்துகொள்ள, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது.

10. கேட்ட பிறகு பேச்சு

கொண்டுவந்தவர் கடைசியாகப் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் பதில் சொல்வார்களே தவிர, கேட்டதைச் சொல்ல மாட்டார்கள்.

"பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆமாம் இல்லை இரண்டுதான் பதில். "எந்த இடத்தில் கவனம் போச்சு?" என்று கேளுங்கள். கவனம் சிதறிய இடத்தையும் சொல்லலாம்.

11. வீட்டுக்குப் போன பிறகு அனுப்புவது

மறுநாள் காலையில் அனுப்புங்கள், அன்று ராத்திரியே வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு இணைப்பு, அதோடு எந்த நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி: "1:10-லிருந்து பிடில் உள்ளே வருது." நாற்பது பாட்டுள்ள ப்ளேலிஸ்ட் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் முதல் இரண்டோடு மூடுவார்கள்.

பாட்டை வாய்ஸ் நோட்டாகப் பதிந்து அனுப்பாதீர்கள். அது பேச்சுக்காகச் சுருக்கப்படுகிற ஒலி. பாஸும் ஜால்ராவும் முதலில் காணாமல் போகும். சொந்தமாகப் பதிந்த கோப்பு என்றால் வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், உள்ளபடியே போகும். கொடைப் பதிவுகளைக் கேட்டவர் ஒருவருக்கு மட்டும், மேலே அனுப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் அனுப்பாதீர்கள்.

இண்டிக் குழுவின் பாட்டு என்றால் வாங்குகிற இடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பாண்ட்கேம்ப் 2020 மார்ச்சில் தொடங்கிய 'பாண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்து வாங்கினால் பணம் கலைஞருக்குக் கூடுதலாகப் போகும். நாங்கள் கூட்டத்துக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு, மாதம் ஒரு ஆல்பம் வாங்குகிறோம்.

அனுப்பிய பிறகு பத்து நாள் "கேட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். சித்தப்பாவுக்கு நான் அனுப்பிய பாஞ்சோவுக்கு இரண்டு மாதம் பதிலே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொதி பரிமாறிக்கொண்டிருந்தபோது, "அந்தக் குட்டக் கம்பிக்காரன் இன்னொண்ணு வாசிச்சிருக்கானா?" என்றார்.